செல்லம் ஊறவைத்த சடாமாஞ்சில்

செல்லத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் கூலிக்காரர் லயத்தில், ஐந்தாவது வீடு அவளுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அவள் புருஷன் தங்கராஜுவைப் புலி அடித்தது. கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவனின் கத்தியும் வாளியும்தான் திரும்பி வந்தன. பிள்ளை குட்டி கிடையாது. முப்பது வயதுகூட ஆகாதவள், மூன்றாம் வாரமே கத்தியைத் தூக்கிக்கொண்டு அதே காட்டுக்கு வேலைக்குப் போனாள். நெஞ்சழுத்தக்காரி!

ஊரில் அவள் அப்பா மருந்து இடிக்கிறவராம். அதனால் சடாமாஞ்சில் சங்கதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இமயமலையில் பனி விழும் உச்சியில் முளைக்கிற பூண்டின் வேர் அது. பார்த்தால் சிக்குப் பிடித்த சடை மாதிரி இருக்கும், மணமோ ஆளைத் தூக்கும். தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்தால் முடி கொட்டாது. வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தால் படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தாலும் லயத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

யார் வேண்டுமானாலும் குடிக்கட்டும், எனக்கென்ன? என் புருஷன் ஐயாசாமியும் அல்லவா போக ஆரம்பித்தார்! புலி அடித்த அன்று இவர் தூரத்து மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்தாராம், அலறல்தான் கேட்டதாம். அதிலிருந்து தூக்கமில்லை. சருகு அசைந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் மரத்தில் காயம் விழும், கங்காணி சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார். மருந்து வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு டம்ளர் குடிக்க ஒரு மணி நேரமா? தினம் சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு, மீசையெல்லாம் சடாமாஞ்சில் மணக்க வருவார். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது, சுருண்டு தூங்கிவிடுவார். அவள் வாய்க்கு வாய் 'அண்ணே' என்பாள். அண்ணனாம்! எனக்கு வயிறு எரியும்.

"அவ கையால குடிச்சாத்தான் எறங்குமா? நான் போட்டுத் தர்றேன்," என்றேன் ஒரு நாள்.

"அதுக்குப் பக்குவம் இருக்கு, கிருஷ்ணம்மா."

"ஓஹோ! எனக்குப் பக்குவம் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்!"

வீம்புக்குப் பாலோ கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அவள் இரண்டு துண்டு போடுவாள், நான் ஒரு கைப்பிடி போட்டேன். அவள் ஊறவைத்து மூடிவைப்பாள், நான் கொதிக்கக் கொதிக்கச் சுண்டக் காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொம்பு நிறையக் கொடுத்தேன். மனுஷன் என் வாய்க்குப் பயந்து மடமடவென்று குடித்தார். அரை மணி நேரத்தில் வாந்தி, பேதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்குக் கண் செருகிவிட்டது.

என் வீம்பெல்லாம் எங்கே போனதோ, செல்லம் வீட்டுக்கு ஓடினேன். "அவரு போயிடுவாரு போல இருக்கு, வாடி!"

அவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து சட்டியை மோந்து பார்த்தாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் தெளிந்தார். கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது அவளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி என்னதான் பேசுறீங்க ரெண்டு பேரும்? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

செல்லம் எழுந்தாள். "நீங்களே சொல்லிருங்கண்ணே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு நான் தூரத்துல இல்ல, கிருஷ்ணம்மா. பக்கத்து மரத்துலதான் நின்னேன். தங்கராஜு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நான் ஓடி வந்துட்டேன்."

 செல்லத்தைப் பார்த்தேன். "இது தெரிஞ்சுமா மருந்து குடுத்த?"

"தெரிஞ்ச அன்னைக்குத்தான்க்கா குடுக்க ஆரம்பிச்சேன். எனக்கும்தான் தூக்கமில்ல. எனக்கு ஊறவைக்கையில அண்ணனுக்கும் சேத்து ரெண்டு துண்டு கூடப் போடுறேன், அவ்வளவுதானே." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நானாக இருந்திருந்தால் அந்தச் சட்டியை அவர் தலையில் போட்டு உடைத்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த என்னிடம் சொல்லாமல், புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அதுவரை நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. அன்றைக்கு வந்ததுதான் பொறாமை.

மறுநாள் சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி நின்றார். "போயிட்டு வாங்க," என்று நானே அனுப்பினேன். அனுப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.