ரெக்சின் அக்காவின் ரத்தப் பரிசோதனை

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் அவள் ஒருத்திதான் பெண். ரெக்சின் சுருளும் ஸ்பாஞ்சும் பசை டப்பாவும் அடைத்துக் கிடக்கும் தகரக் கொட்டகை அது. சுற்றியிருந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் அவள் ரெக்சின் அக்கா. "என் புருஷனுக்கும் ஒரு உறை போட்டுடணும்பா, தினமும் கிரீஸோட வந்து நிக்கிறார்" என்று சிரிக்க வைப்பாள். அந்தப் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். வாயில்லாப் பூச்சி.

கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை. இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, நாற்பதை நெருங்கும்போது, நாள் தள்ளிப்போயிற்று. அவளைவிட அதிகம் குதித்தது நாத்தனார்தான். இளம் வயதிலேயே தாலியை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள்.

"வயசு கொஞ்சம் கூடிடுச்சில்லம்மா" என்றார் டாக்டரம்மா. "குழந்தையோட துணுக்குகள் உங்க ரத்தத்துல கலந்து ஓடும். குரோமோசோம்ல குறை இருக்கான்னு அதுலயே ஓரளவு தெரிஞ்சிடும்."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் பாத்திரம் துலக்க, அவன் துடைத்து அடுக்கினான்.

"குறைன்னு வந்தா என்னங்க பண்றது?"

"நமக்கப்புறம் யாரு பார்த்துக்குவா?"

"அப்போ வேண்டாம்னுடலாம்."

"ம்."

அவள் அடுத்த தட்டை நீட்டினாள், அவன் வாங்கித் துடைத்தான். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

முடிவு வந்தது. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். "ஒரு குரோமோசோம்ல இல்ல, பலதுல கோணலாக் காட்டுது. குழந்தைக்கு இப்படி இருந்தா இதுவரைக்கும் தங்கியிருக்கவே முடியாது. எனக்கே புரியல." மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதே கோணல். பிறகு வயிற்றில் ஊசி இறக்கிப் பனிக்குட நீரை எடுத்து அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பில் அவள் வயிற்றைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்தெடுக்க முடியாது என்ற பயம்.

"குழந்தை நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. லிஃப்ட்காரன் பெருமூச்சு விட்டான். ஆனால் அவர் முகம் மலரவில்லை. "அப்போ அந்தக் கோணல் யாரோடது? உடம்புல எங்கயாவது கட்டி இருந்தா அதோட துணுக்கும் ரத்தத்துல கலக்கும். வரும்போதெல்லாம் இருமுறீங்களே, இந்த இருமல் உங்களுக்கு எப்போலேர்ந்து?"

"அது பசை வாடைங்க டாக்டர். கடையில எல்லாருக்கும் இருக்கும்."

பசை வாடை இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் நிணநீர்க் கட்டி. புற்றுநோய்.

அவன் டாக்டரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "குழந்தை வேண்டாங்க. இவளைக் காப்பாத்துங்க." நாலு மாதம் தாண்டிவிட்டதால் குழந்தை உள்ளே இருக்கும்போதே மருந்து ஏற்றலாம், பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அவர் விளக்கினார். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "குறை இருந்தா வேண்டாம்னு சொன்னோம். குறை இல்லேன்னு தெரிஞ்சப்புறமும் வேண்டாம்கறீங்க. அது என்னதாங்க பண்ணும்? குறை எங்கிட்ட. என்னை யாராவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

அவன் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கி அழுதான். அவள் சமாதானப்படுத்தவில்லை. அத்தனை நாளும் கைபடாத வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றாள். பாத்திரம் துலக்கும்போது தன் வாயாலேயே சொன்ன அந்த 'வேண்டாம்' உள்ளே இருப்பதற்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தாள்.

மருந்து ஏறியது. முடி கொட்டியது. தலையில் துணி கட்டிக்கொண்டு முடிந்தமட்டும் கடைக்குப் போனாள். பசை டப்பாவைத் திறக்க வேண்டியிருந்தால் மெக்கானிக்குகள் வெளியே எடுத்துப் போய்த் திறந்தார்கள். எட்டாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மற்றபடி பழுதில்லை. மருந்து உடம்பில் இருந்ததால் தாய்ப்பால் கொடுக்க விடவில்லை. புட்டிப்பாலும் குளிப்பாட்டலும் தாலாட்டும் நாத்தனார் கைக்குப் போயின.

கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்கும்வரை வீட்டில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. பிறகு இருமல் திரும்பியது. இந்த முறை மருந்துக்குக் கட்டுப்படவில்லை.

வார்டுக்குக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். ஒட்டிய கன்னத்தோடு படுத்திருந்தவளைப் பார்த்து மிரண்டு, அது நாத்தனார் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்று வீறிட்டது.

நாத்தனார் பதறிப்போனாள். "நான் அத்தைடி! அம்மா அங்க இருக்கா பாரு... அண்ணி, நான் சொல்லிக் கொடுக்கல அண்ணி, சத்தியமா..."

"திருத்தாதே" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "நாளைக்கு வேற யாரைப் போய்க் கூப்பிடும்?"

நாத்தனார் அழவும் முடியாமல் குழந்தையை அசைத்தபடி நின்றாள்.

"பசிக்குது போல. வெளியில கூட்டிட்டுப் போய் ஏதாவது கொடு."

அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது குழந்தை அத்தையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.