வலது காலில் குறைந்த மூன்று அங்குலம்

துணிக்கடையின் மூன்றாவது மாடியில், ஆல்டரேஷன் அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பேண்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருப்பவரை எல்லோரும் இஞ்ச் டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவரின் காலைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய காலைத்தான் கடையில் யாரும் பார்த்ததில்லை. இடது கெண்டைக்கால் பதினான்கு அங்குலம், வலது பதினொன்று. பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. பிற்பாடு நிமிர்த்தினார்கள், நடை சரியானது, சதை மட்டும் பிடிக்கவேயில்லை. தன் பேண்ட்டுகளைத் தானே தைத்து, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, ஊர் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார். அதில் அவருக்குப் பெரிய வருத்தமும் கிடையாது.

வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான். கைக்குழந்தையாக இருந்தபோது பாதத்தை நிமிர்த்த வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டார்கள். நாலாவது கட்டுக்குப் பிள்ளை கதறிய கதறல் தாங்காமல், வெந்நீரில் ஊறவைத்து அவளே பிரித்துப் போட்டுவிட்டாள். பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது மகனுக்கு நாற்பத்தாறு வயது. வாசலில் அவர் தலை தெரிந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். உட்காரவைத்து, வலது காலை மடியில் இழுத்துப் போட்டு, இன்றைக்குத் தேய்த்தால் நாளைக்குச் சதை முளைத்துவிடும் என்பது போல எண்ணெய் தேய்ப்பாள். "எல்லாம் நான் பண்ண பாவம்" என்பாள். அந்த ஒரு பேச்சை நிறுத்தினால் போதும் என்றுதான் காலுக்குள் சதைக்குப் பதிலாகச் சிலிகான் வைத்துக்கொள்ளத் துணிந்தார்.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "முட்டிக்குப் பின்னாடி மடிப்புல சின்னதா வெட்டி, சதைக்கு மேல இருக்கிற உறைக்கு அடியில வைப்போம். ரெண்டு மணி நேரம் ஆகும். முதல் வாரம் நடக்கவே சிரமம். ஆறு வாரத்துக்கு ஓட்டம் ஆட்டம் கூடாது. இதால காலுக்குப் பலம் ஏறாது, பார்வைக்கு மட்டும்தான். தோல் மரத்துப் போகும். பெரும்பாலும் சரியாயிடும், சிலருக்கு ஆகாது."

"அந்தக் கட்டைப் பிரிக்காம இருந்திருந்தா சதை வந்திருக்குமா டாக்டர்?"

"இப்படிப்பட்ட பாதத்தோட பிறந்தா கெண்டைக்கால் இளைச்சுத்தான் இருக்கும். ஒழுங்கா வைத்தியம் பண்ணவங்களுக்கும் அப்படித்தான். யார் தப்பும் இல்ல."

அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வெறும் வாயால் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள், காலைக் காட்டிவிட்டுச் சொன்னால் எடுபடும் என்பது அவர் கணக்கு.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. குதிகாலை ஊன்றினால் பின்னால் யாரோ பிடித்து இழுத்தார்கள். மனைவி தன் ஹீல்ஸ் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

"போட்டுக்கோங்க. குதிகால் உசந்திருந்தா இழுக்காதுன்னு டாக்டரே சொன்னாங்க. உங்களுக்கு அழகா வேற இருக்கும்."

பாதிப் பாதம் வெளியே தொங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. இறுக்கமான காலுறையைக் கழற்றிய அன்று டேப் வைத்துப் பார்த்தார். பதின்மூன்றரை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். அளவெடுக்க வந்த யாரோ ஒருவருடைய கால் போலிருந்தது. கிள்ளிப் பார்த்தார், கிள்ளியதே தெரியவில்லை. சரி என்று பேண்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் உட்கார்ந்து, பேண்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டார். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாருடா பண்ணது?"

நடந்ததைச் சொன்னார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததையும் சொன்னார். "நீ கட்டைப் பிரிச்சதால ஒண்ணுமே ஆகலம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க. உன் மேல தப்பே இல்ல."

அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரந்தானா?" அம்மாவின் வாய் கோணியது. "ரெண்டு மணி நேர வேலையாடா இது? இது தெரியாமயா உன்னை இத்தனை வருஷம் இப்படியே விட்டு வெச்சிருந்தேன்?"

"அப்பல்லாம் நமக்கு இது தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களைக் கேட்டிருக்கணும்ல. நான் யாரைக் கேட்டேன்? எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அம்மா வலது காலை மடியில் இழுத்துப் போட்டுத் தடவ ஆரம்பித்தாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா."

அம்மாவின் கை காலில் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.