அட்டையில் அச்சான அழுகை

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வடிவமைப்பது என் வேலை. ஓர் இடத்தில் உட்காராத பிறவி நான். கம்ப்யூட்டரில் படம் திறப்பதற்குள் மெஷின் ரூமுக்கு இரண்டு தடவை போய் வந்துவிடுவேன். பெட்டியில் ஒரு குழந்தை முகம் இருந்தால்தான் சரக்கு நகரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. உள்ளே இருப்பது வெடியா மத்தாப்பா என்பதை வாங்குகிறவர்கள் அப்புறம்தான் பார்ப்பார்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து நடந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிச்சக் காகிதத்தில் பள்ளி நோட்டு போட்டு விற்போம், வருவதை இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுப்போம் என்று முதலாளியைப் பிய்த்து எடுத்தேன்.

"சரி, போட்டுத் தொலை. சீசன் ஆர்டர் மட்டும் நிக்கக் கூடாது" என்றார்.

அட்டைக்கு ஒரு முகம் வேண்டுமே. அந்த விபத்தில் தகப்பனைப் பறிகொடுத்த ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். அழுது வீங்கிய கண்ணும் கலைந்த தலையுமாக அட்டை முழுக்க அவள்தான் இருந்தாள்.

நோட்டு பறந்தது. கடைக்காரர்கள் மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். மல்லாங்கிணறு வரை லோடு போனது. "ஒனக்குக் கைராசிதாம்மா" என்று முதலாளியே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா அச்சகத்துக்கு வந்தார். பையிலிருந்து எங்கள் நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகளின் டீச்சர் நல்ல மனதோடு வகுப்புக்கே அதை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அட்டையில் முகம் இருந்தால் பிள்ளைகள் சும்மா விடுமா? மீசை, கொம்பு, கறுப்புக் கண்ணாடி. கன்னத்தில் நீல மையில் பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள்.

"அழுமூஞ்சி, அழுமூஞ்சின்னு கூப்பிடுதுகளாம். மூணு நாளா பள்ளிக்கூடம் போகல. இனிமே படிக்கவே போமாட்டேங்கா. ஒங்களக் குத்தஞ்சொல்ல வரல தாயி. நீங்க செஞ்ச ஒத்தாச பெருசு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போனதுதான் என்னைக் குடைந்தது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. விற்காத நோட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடை கடையாகப் போன் போட்டேன். வீணாய்ப்போன லேபிள் தாள்களை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு மறுநாள் அந்தப் பள்ளிக்கே போனேன். தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, டீச்சரும் நானும் ஒவ்வொரு நோட்டுக்கும் அட்டை போட்டோம். மீசை வரைந்தவர்களே பசை எடுத்துக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

"எல்லா நோட்டையும் மூடியாச்சு. ஒரு நோட்டுலயும் நீ இல்ல. நாளைக்குப் பள்ளிக்கூடம் போறியா?"

சரியென்று தலையாட்டினாள். அப்பாடா என்று கிளம்பத் திரும்பினேன்.

"யக்கா, அன்னைக்குப் போறப்ப என்னயச் சிரிக்க வச்சு இன்னொரு போட்டோ எடுத்தீகள்ல. அது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"பெறகு ஏன் அதப் போடல?"

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, இதற்குத்தான் ஜனம் காசு கொடுக்கும் என்று அழுத படத்தை எடுத்தவள் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் கதவைவிட்டு வெளியே வந்து, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.