தம்பிக்கு முதலில் கொடுத்த பணம்

வெர்லீன் டேட் யாரிடமும் கைநீட்டிப் பழகாதவள். மெம்பிஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போட்டே காலம் தள்ளியவள். ஒரு பித்தப்பை ஆபரேஷன் அவளைக் கவிழ்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கடனுக்காக ஒரு கிரெடிட் கார்டு, அதை அடைக்க இன்னொன்று. கடைசியில் திவால் மனு கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றானது.

எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் வக்கீல் புரூயிட்டிடம் கேட்டாள்.

"வீட்ட புடுங்கிக்குவாங்களா? கார் போயிருமா? சர்ச்சுல தெரிஞ்சிருமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. யாருக்கெல்லாம் கடன் இருக்குன்னு மட்டும் விடாம சொல்லுங்க."

சொன்னாள். தம்பி ரூஃபஸின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டியவன் அவன்தான். ஆனால் கூடுதலாய்க் கட்டிய வரிப்பணம் திரும்பி வந்ததுமே நாலாயிரம் டாலரை அவன் கையில் திணித்துவிட்டாளே! கோர்ட்டுக்குப் போகிறவள் கூடப்பிறந்தவனை நடுத்தெருவில் விடலாமா? தீர்த்துவிட்டதைப் போய் யாராவது கடன் என்பார்களா? அவள் இடத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். சட்டத்துக்கு அக்கா தம்பி எல்லாம் ஏது?

விசாரணையில் கணக்குப் பார்க்கும் அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது பணம் திருப்பிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே! என் தம்பிக்குத்தான் முதல்ல குடுத்தேன்" என்றாள் வெர்லீன், நிமிர்ந்து உட்கார்ந்து.

புரூயிட் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அது எல்லாக் கடன்காரங்களுக்கும் சேர வேண்டிய பணம்மா" என்றார் அதிகாரி. " உங்க தம்பிகிட்டேருந்து வசூல் பண்ணுவோம்."

"ஐயையோ, அவன் என்னங்க தப்பு பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

அந்தப் பணத்தில்தான் ரூஃபஸ் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மிஷின் ஒன்று வாங்கியிருந்தான். நாலு வீட்டுப் புல்லை வெட்டிப் பிழைக்கிறவனுக்குக் கையும் காலும் அதுதான். புல் மளமளவென்று வளரும் மே மாதத்தில் அதை அடிமாட்டு விலைக்கு விற்றான். போதாததற்கு வட்டிக்கும் வாங்கிக் கட்டினான். கட்டிவிட்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தவன் உள்ளே வரவில்லை.

"உனக்கு நல்லது பண்ணணும்னுதான்டா..."

"உன் நல்லது போதும்க்கா. கார்டுக்காரன் வயித்துக்குப் போயிருச்சு என் மிஷின். நீ கோர்ட்டுக்குப் போகப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் காசத் தொட்டிருப்பேனா?"

 

கோடை முடிவதற்குள் புரூயிட் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"உங்க கடனெல்லாம் தள்ளுபடி ஆயிருச்சும்மா! தம்பிகிட்ட வசூல் பண்ணினாங்கல்ல, அது மறுபடி நீங்க அவருக்குத் தர வேண்டிய கடனா ஆச்சு, அதுவும் சேர்ந்தே போச்சு. இனிமே அவரு சட்டப்படி உங்ககிட்ட ஒரு காசு கேக்க முடியாது."

"அவன் என்னைக்குங்க கேட்டான்?" என்றாள் வெர்லீன். "இப்ப நான் கூப்பிட்டா போனக்கூட எடுக்க மாட்டேங்கிறான்."