முன்னூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன்

காலை பதினொன்று நாற்பது. அத்திபெலேயில் சம்பந்தி வீட்டு மொட்டை மாடிப் பந்தலில் என் மருமகளின் வளைகாப்பு முடிந்து, முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பன்னிரண்டு அடிப்பதற்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று சம்பந்தி கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததால் நேரம் மறக்கவில்லை. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி கேட்டு வருகிறவர்கள்கூட அவரை சுபேதார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சிவாஜிநகர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். மகன் எட்டாவது படிக்கும்போது அவன் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு அவனுடைய கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வந்தன. பஸ் திரும்பும்போது நாம் ஏன் சாய்கிறோம், கனமான கோலி மோதினால் லேசான கோலி ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்பான். சோறு ஆறிப்போகும். காலாட்படையில் சேர்ந்து கேப்டன் ஆன பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு கேள்விகள் அத்திபெலேக்குப் போயின.

எனக்கு வரும் போன் இரண்டு நிமிடம். "சாப்பிட்டியாமா, மாத்திரை போட்டியாமா?" அவ்வளவுதான். மருமகள் ஒருநாள் வெள்ளை மனசாகச் சொன்னாள்: "நேத்து அப்பாவும் அவரும் ஒரு மணி நேரம் தோட்டா பத்தியே பேசினாங்க அத்தை. எனக்கு போனே கிடைக்கல." நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நான் தேய்த்த வேகத்தில் குக்கரின் பிடி கழன்று கையில் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். காலாட்படைத் துப்பாக்கிக்கு இப்போதிருக்கும் சிறிய தோட்டாக்களே போதுமா, பெரிய அளவுக்கு மாறலாமா என்று பல நாடுகளில் பேச்சு நடக்கிறது. மகனுடைய பிரிவிலும் அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். சில பக்கங்கள் எழுதித் தர வேண்டியது அவன் பொறுப்பு. உந்தம், ஆற்றல், பின்னுதைப்பு என்று நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற சங்கதி. அதை அவன் பத்தாவது தாண்டாத ஒருவரிடம் கேட்கிறான். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்தேன். யாரும் என்னிடம் கேட்காத கேள்விக்கு விடை தயாரித்து வைத்திருந்தேன்.

வளைகாப்பன்று பந்தலில் சம்பந்தி தன் மைத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்னத் தோட்டா பட்டா ஆளு வுழமாட்டான் மச்சான். பட்டதே தெரியாம மேல வருவான். அடிச்சா ஒரே அடி, வுழணும். மாத்தறது நல்லதுதான்." பக்கத்தில் நின்ற என் மகன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

வளைகாப்புப் பத்திரிகையைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தேன். "தூரம் முன்னூறு மீட்டர்னு வெச்சுக்குவோம்," என்று ஆரம்பித்தேன். சிறிய தோட்டா என்றால் அதே எடைக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு எடுத்துப் போகலாம். பெரியது தோளில் அதிகம் உதைக்கும், அடுத்த குறி தாமதமாகும். அந்தத் தூரத்தில் ஒருவன் காயப்பட்டாலே போதும், அவன் நின்றுவிடுவான். மாறுகிற வருடங்களில் இரண்டு வகைத் தோட்டாப் பெட்டிகளும் சுற்றிக்கொண்டிருக்கும். மலை உச்சிக் காவலுக்குத் தப்பான பெட்டி போய்ச் சேர்ந்தால் கையிலிருக்கும் துப்பாக்கி வெறும் இரும்பு.

"சுபேதாரே, டீச்சர் கையில மாட்டிக்கினியா? ஏறு பெஞ்சு மேல," என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும்தான்.

"கணக்கு சரிதான் டீச்சரம்மா. அங்க நின்னு பார்த்தா வேற மாதிரி."

மகன் அவரைப் பார்த்தான், என்னை அல்ல. நான் சொன்னேன்: "நின்னு பார்க்கறதெல்லாம் படிப்பு ஆயிடுமா? பத்தாவதோட நிறுத்தினவங்களுக்கு இது புரியறது கஷ்டம்தான் சம்பந்தி."

அவர் வீடு, அவர் மகளுடைய விசேஷம், சுற்றிலும் அவர் சொந்தக்காரர்கள். "நிறுத்தலீங்க டீச்சரம்மா, ஃபெயிலு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு சாம்பார் வாளி வந்ததா என்று பார்க்கப் போனார். பிறகு என் இலைக்கு அவரே வந்து பாயசம் ஊற்றினார்.

கிளம்பும்போது மகன் ஆட்டோ வரைக்கும் வந்தான். "நீ போட்ட கணக்குல ஒரு தப்பு இருக்கு, அம்மா," என்றான். எங்கே என்று கேட்டேன். "விடு" என்றான். அத்திபெலேயிலிருந்தே விமான நிலையத்துக்குப் போய்விட்டான், என் வீட்டுக்கு வரவில்லை. மூன்று வாரம் போன் கிடையாது, 'நல்லா இருக்கேன்' என்ற குறுஞ்செய்தி மட்டும். என் பிள்ளையை அவர் எடுத்துக்கொண்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

இப்போது பேத்திக்கு ஐந்து மாதம். என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் ஒரு மணி நேரம் அங்கேதான் பேசுகிறான். எடையைப் பற்றியும் பெட்டிகளைப் பற்றியும் நான் சொன்னது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எந்தத் தோட்டா நல்லது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வராது. கொடுக்கப்படாத மதிப்பை நீயாக வைத்துக்கொள்ளாதே என்று எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன். நான் வைத்துக்கொண்ட முன்னூறு எவ்வளவு தப்பு என்பது அந்த மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

அழைப்பு மணி கேட்டுப் போனால், கம்பிக் கதவுக்கு வெளியே சம்பந்தி. தனியாக வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை இல்லை. ராணுவத்தில் கெட்ட செய்தி போனில் வராது, ஆள் வரும் என்று மகன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். பூட்டில் பீரோ சாவியைப் போட்டுத் திருகினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மாப்ள நல்லா இருக்கார் டீச்சரம்மா. மொதல்ல அதைக் கேட்டுக்குங்க. இப்பதான் பேசிட்டு வரேன்."

கதவைத் திறந்ததும் உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையை அசைத்து நிறுத்தினார்.

"அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன். புள்ள உங்களை வுட்டுட்டு எங்கிட்ட ஒட்டிக்கினான்னு நினைக்கிறீங்க பாருங்க, அதுக்குத்தான் வந்தேன். போன மழைக்காலத்துல ஒரு வீட்டைச் சுத்தி வளைச்சாங்களாம். உள்ள இருந்து ஒருத்தன் ஓடி வந்திருக்கான். மாப்ள சுட்டது ரெண்டும் அவன் மேல பட்டுது. அவன் வுழல. வுழறதுக்குள்ள அவனும் சுட்டுட்டான். மாப்ள பக்கத்துல நின்ன சிப்பாய் போயிட்டாரு. அதைத்தான் திருப்பித் திருப்பி எங்கிட்ட பேசினார். நான் அதுமாதிரி பார்த்தவன், அதனால."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'எதை வேணா சொல்லுங்க மாமா, தூரத்தை மட்டும் அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஒரு நிமிஷத்துல கணக்கு போட்டுடுவாங்க'ன்னார்."

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் திறந்திருந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"உங்க எதிர்வீட்டு கேட்டு தெரியுது பாருங்க. அவ்வளவுதான் டீச்சரம்மா."