சாந்தமூர்த்தி கிணற்றில் விழவில்லை

இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் பலர். ஓவியர் தணிகாசலத்தோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இருக்கிறார்கள். பாகூரில் அவர் தெருவிலேயே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். நானோ சித்திரக்கதைக் கட்டத்துக்குள் அடங்கும் அளவுக்கு மேல் எதையும் எழுதிப் பழகாதவள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். குறுக்கே வந்ததற்கு வாசகர் மன்றத்தார் மன்னிக்க வேண்டும்.

அவர் இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் கிடைத்தது. அரியாங்குப்பத்தில் வேலை முடிந்து ஏறி உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சாந்தமூர்த்தி படம் போடுவாரே, தணிகாசலம், நேத்து பூட்டாருபா. காமாலையாம்."

"எவுரு? வில்லன கெணத்துல தள்ளி கதைய முடிச்சாரே, அவுரா?"

"அவுரேதான். பதினோரு மாசம் தூக்கி நிறுத்தினாரு. கடைசில பொத்துனு போட்டுட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. சிரித்து முடித்ததும் ஒருவர், "பாவம், சாவற வயசு இல்ல" என்றார். மரணச் செய்தியோடு அவர் செய்யாத குற்றமும் சேர்ந்து வந்தது. அதைச் செய்தது யார் என்று அந்தப் பேருந்தில் எனக்கு மட்டும் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வில்லியனூர் கடைத்தெருவில் ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், நோட்டீஸ் அடிக்கும் இடம். அதன் முதலாளி மாதம் ஒரு சித்திரக்கதை இதழும் வெளியிட்டு வந்தார். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சுத்துக்கேணியில் சும்மா இருந்த என்னைப் பிழை திருத்த எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். மகள் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் அண்ணன் பாகூரிலிருந்து பேருந்து மாறி வருவார். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவர் தொழில். கதையும் படமும் அவருடையவை. ஆனால் போர்டில் பெரிய எழுத்துக்குப் பழகிய கைக்குப் பலூனுக்குள் பொடி எழுத்து வராது. ஐந்தாவதோடு நின்றவர் என்பதால் எழுத்துப்பிழையும் உண்டு. ஆகவே பேச்சுப் பலூன்களை வெறுமையாக விட்டுவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்காருவார். யார் என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் சுருக்கி எழுதுவேன். அதன் பிறகு படங்கள், அச்சடிக்க வேண்டிய உலோகப் பிளாக் செய்ய டவுனுக்குப் போகும்.

முதல் மாதமே எனக்கு ஒரு சந்தேகம். வில்லனின் பலூன்கள் எல்லாம் மிகப் பெரியவை. அவன் பேசுவதோ இரண்டு சொல். இடம் வீணாகிறதே என்று கேட்டேன்.

"அவன் பேச்சு கம்மிம்மா. ஆனா எடம் நெறைய எடுத்துக்குவான். நடுவுல பொடியா எழுது. சுத்தி வெள்ளையா வுடு. படிக்கறவனுக்கு மூச்சு முட்டணும்."

அப்படி எழுதினேன். மூச்சு முட்டத்தான் செய்தது.

சாந்தமூர்த்தி மற்ற வில்லன்களைப் போல இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கத்தி எடுக்க மாட்டான். குரல் உயர்த்த மாட்டான். பதினோரு இதழிலும் அவன் முகத்தை நாம் பார்த்ததே இல்லை. முதுகு தெரியும், அல்லது கரண்டி பிடித்த கை தெரியும். ஊர் நிலத்தை எல்லாம் வளைத்துப் போட்டவன். அவனைக் கேள்வி கேட்க யார் வந்தாலும் ஒன்றுதான் சொல்வான்: "முதலில் சாப்பிடுங்கள்." கைது செய்ய வந்த இன்ஸ்பெக்டர் செழியன் ஒவ்வொரு முறையும் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். வில்லியனூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போதுகூட, "மொதல்ல சாப்புடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

இப்படி ஒருவன் எங்கிருந்து கிடைத்தான் என்று கேட்டேன். அண்ணன் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பாவும் இன்னும் பத்து பேரும் கூலி நெல்லு ஏத்தி கேக்கணும்னு பண்ணையார் வூட்டுக்கு போனாங்க. போனதும் பந்தி போட்டுட்டாங்க. சாப்ட்டாங்க, வந்துட்டாங்க. இன்னாய்யா கேட்டன்னு எங்கம்மா கேட்டா, எங்கப்பா சொல்றாரு, பாயசம் நல்லா இருந்துச்சின்றாரு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "அடிக்கறவன எதுத்துடலாம்மா. சோறு போடறவன எப்படி எதுப்ப?"

அந்தக் கேள்விக்கு அவர் பதினோரு மாதம் விடை தேடினார். பன்னிரண்டாவது இதழில் கதை முடிய வேண்டும். கடைசி எட்டுப் பக்கங்களைத் தடித்த அட்டையில் வரைந்து, துணிப்பையில் வைத்து, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவற்றைப் பார்த்தவர்கள் மூன்று நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அதனால் அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

சாந்தமூர்த்தியின் கூடத்தில் நீளமான பந்தி. கணக்குப்பிள்ளை, தலையாரி, போலீஸ்காரர்கள், குத்தகைக்காரர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். செழியனுக்கும் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். அவன் உட்காருகிறான், தொடவில்லை. இரண்டு பக்கம் முழுக்க அந்த இலை மட்டும்தான். சோற்றிலிருந்து எழும் ஆவி கட்டத்துக்குக் கட்டம் குறைந்துகொண்டே வருகிறது. நாலாம் பக்கத்தில், பந்தியின் கோடியில் ஒரு கூலிக்காரி நிமிர்ந்து அந்த இலையைப் பார்க்கிறாள். கையை எடுத்துவிடுகிறாள். அடுத்து உட்கார்ந்திருப்பவன் அவளைப் பார்க்கிறான். அவனும் எடுத்துவிடுகிறான். ஏழாம் பக்கத்தில் கூடம் முழுக்க ஒரு கைகூட இலையில் இல்லை. சாந்தமூர்த்தியின் பெரிய பலூன் இருக்கிறது, அதற்குள் ஒரு சொல்லும் இல்லை. எட்டாம் பக்கத்தில் முதல் முறையாக அவன் முகம். பயங்கரமான முகம் இல்லை. யாரும் ஒரு வாயாவது சாப்பிட மாட்டார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கெஞ்சுகிற முகம்.

முதலாளி அட்டைகளைப் புரட்டினார்.

"இன்னாய்யா இது? எட்டு பக்கமும் சோத்த பாத்துகினு உக்காந்துனு கீறான். ஒரு அடி இல்ல, ஒதை இல்ல."

"அடிச்சா அவன் ஜெயிச்சிடுவான் மொதலாளி. அவன் சோத்த தொடாம வுட்டாதான் தோப்பான்."

முதலாளி தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பி வைத்தார். அட்டைகள் பிளாக்குக்குப் போகாமல் அலமாரியிலேயே கிடந்தன. அந்த வாரம் தேர்தல் நோட்டீஸ் வேலை வந்து குவிந்தது. தாளும் எந்திரமும் அதற்கே போதவில்லை. ஒரு தாளில் எட்டுப் பக்கம் அச்சாகும் என்பதால் இதழைக் குறைத்தால் எட்டாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு நாள் பகலில் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"கடைசி எட்டு பக்கம் எடுத்துட்றோம். அஞ்சாவது இதழ்ல அவன் முதுக காட்டினு நிக்கற பழைய பிளாக் கீது பாரு, அத்தப் போட்டுக்கலாம். கீழ ஒரு வரி எழுதிக் குடு, செத்துட்டான்னு."

"அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவரு பாகூர்ல கீறாரு. மிஷின் இங்க நிக்குது. மொதல்ல சாப்புடும்மா. அப்பறமா எழுதலாம்."

அச்சகத்துக்குப் பின்கட்டில்தான் அவர் வீடு. நான் தூக்கில் சோறு கொண்டு போவேன். எப்போதாவது அவர் மனைவி குழம்போ பொரியலோ கொடுத்தனுப்புவார். எனக்கு அது எப்போதும் வாழையிலைத் துண்டில்தான் வரும். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அன்று அந்த அம்மாவே எடுத்து வந்தார். அவர்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் என் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சாந்தமூர்த்தி ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை. பதினோரு மாதம் அவன் வாய்ச்சொல்லை எழுதியவள் நான்.

கை கழுவிவிட்டு வந்து எழுதினேன்: "தப்பி ஓடும் அவசரத்தில் சாந்தமூர்த்தி பாழுங்கிணற்றில் தவறி விழுந்து மாண்டான். நீதி வென்றது." ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஈய எழுத்தில் கோத்து, பிளாக்குக்குக் கீழே வைத்து அச்சடித்துவிட்டார்கள். படத்தில் அவன் அசையாமல் நிற்கிறான். கீழே செத்துப்போகிறான். மறுவாரம் குழம்பு மறுபடியும் இலையில் வந்தது.

அண்ணன் இதழைப் பாகூர் பேருந்து நிறுத்தத்துக் கடையில்தான் பார்த்திருக்கிறார். அங்கேயே யாரோ, "இன்னாண்ணே, வில்லன் வழுக்கி வுழுந்துட்டானாமே, வாழப்பழத் தோலா?" என்று கேட்டிருக்கிறார்கள். நேரே வில்லியனூருக்கு வந்துவிட்டார். முதலாளி இல்லை. இதழை என் மேசைமேல் விரித்து வைத்தார்.

"பாழுங்கெணறுன்னு மொதலாளிக்கு எழுத வராது. இது ஒன் வார்த்த."

பிழை திருத்திக்கொண்டிருந்த தாளை இழுத்து அந்த வரியின்மேல் வைத்தேன்.

"கூடத்துக்குள்ள கெணறு எங்கேர்ந்தும்மா வந்துச்சி?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். "சரி வுடு. எட்டு அட்டையும் எங்க?"

எந்திரத்தைக் காட்டினேன். அச்சு அழுத்தமாக விழ, தாளுக்குப் பின்னால் கெட்டி அட்டை கொடுப்பார்கள். நல்ல அட்டை என்று அவற்றை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அவற்றின் மேல் தேர்தல் நோட்டீஸ் விழுந்துகொண்டிருந்தது. பிறகு துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் கதை எதுவும் வரையவில்லை. எழுதச் சொன்னவர்களுக்குப் போர்டும் லாரிக்கு நம்பரும் எழுதினார்.

இனி எழுதப்போவது இந்த மலரை வெளியிடும் உங்களுக்கு உவப்பாக இருக்காது. அடுத்த மாதம் நம் வாசகர் மன்றம் பாகூரில் ஒரு கூட்டம் போட்டு அவரைக் கேள்வி கேட்டது. நானும் பின்வரிசையில் இருந்தேன். "இவ்வளவு பெரிய வில்லன ஒரு வரியில சாவடிச்சிட்டீங்களே, அலுத்துப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஆமாங்க. அவசரத்துல தள்ளிட்டேன். தப்புதான்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் பின்னாலேயே ஓடினேன். "ஏண்ணே அப்படி சொன்னீங்க?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எம்பேரு பொஸ்தகத்து மேலட்டையிலயே கீதும்மா. ஒம்பேரு எங்கியும் இல்ல. இன்னும் போடாத பேர எதுக்கு கெடுக்கணும்? நீ வேற வேலைக்கு போ."

போனேன். அரசு வேலை கிடைத்தது. தட்டில் சாப்பிடுகிறேன். அவரை நீங்கள் பார்க்கும் இடத்திலெல்லாம் கிணறு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது ஒட்டியிருக்கும் இரங்கல் சுவரொட்டியிலும், "சாந்தமூர்த்தியைக் கிணற்றில் தள்ளிய எங்கள் ஓவியரே" என்று அன்பாகத்தான் போட்டிருக்கிறீர்கள். முதலாளி மாலையோடு வந்து, "கை நல்ல கை, முடிவுதான் சரியா வராது" என்று சாவு வீட்டில் சொன்னாராம். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள், ஒரு கடிதம், ஒரு வரி எழுதி நான் இதைத் தடுத்திருக்கலாம். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். இப்போதெல்லாம் நான் எந்த வீட்டுக்குப் போனாலும், வந்த காரியத்தைக் கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் சாப்பிட உட்காருகிறேன். மரியாதை தெரியாதவள் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டாவது இதழ் உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அந்த வரியை அடித்துவிட வேண்டாம். அவன் முதுகுக்குக் கீழே, நீதி வென்றது என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எழுதியவள் என்று போட்டு என் பெயரை எழுதிவிடுங்கள்.

அ. லூர்துமேரி, சுத்துக்கேணி.