யோகராணி திருத்திய அறிக்கை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார். பழக்கமில்லாத குரல்.

"சேர், நான் யோகராணி அக்காவோட தம்பி பேசுறேன், அக்கரப்பத்தனையில இருந்து. அக்கா தவறிட்டாங்க. ஹட்டன் ரூம்லதான். வீட்டுக்கார அம்மா ஊருக்குப் போயிட்டு நேத்து வந்து தட்டியிருக்காங்க. கதவு தெறக்கல."

"எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமையா, திங்கக்கெழமையான்னு டாக்டராலயும் சரியா சொல்ல முடியலைங்க சேர்."

ஒரு பிறப்பு எங்கே நடந்தது, ஓர் உயிர் எப்போது பிரிந்தது என்பதெல்லாம் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும் என்று அலுவலகத்தில் ஓயாமல் வாதாடியவர் அவர். அவர் எந்த நாளில் இறந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது வயதைக்கூட அவர் தொட்டிருக்கவில்லை.

யோகராணி அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர்கள். பொருளியல் படித்து, நுவரெலியாவில் நான் புள்ளிவிபர உத்தியோகத்தராக இருந்த சுகாதாரத் திட்டமிடல் பிரிவுக்குப் பகுப்பாய்வாளராக வந்தார். எந்த வைத்தியசாலைக்கு எத்தனை கட்டில், எங்கே தாதி, எங்கே வாகனம் என்பதைப் பதிவேடுகளைப் படித்து அறிக்கையாக எழுதுவது அவர் வேலை. மேலே இருப்பவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இந்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடியவில்லை என்று சிரிப்பார். "ஆஸ்பத்திரி வேலைன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க சேர். லீவுல போனா, ஊசி போடத் தெரியுமான்னு கேக்குறாங்க."

வந்த முதல் கிழமையிலேயே என் அட்டவணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். "இந்த 'ஏனையவை'ங்கிற நிரலுக்குள்ள இவ்வளவு பேர் எப்படி சேர் வந்தாங்க?"

"அது எப்பவும் அப்பிடித்தான். விடுங்கோ," என்றேன்.

அவர் விடவில்லை. ஒரு மாதம் அந்த நிரலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடி, அவரவர் நோயின் கீழ்க் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றிலிருந்து அவருடைய வேலையை நான் திருப்பிச் சரிபார்த்ததில்லை.

அதனால்தான் அந்த அறிக்கையையும் நான் சரிபார்க்கவில்லை. ஒரு தோட்டத்து வைத்தியசாலையின் பிரசவ விடுதியைப் பற்றியது அது. அங்கே பிரசவங்கள் மிகவும் குறைந்துவிட்டன, விடுதியை மூடி உபகரணங்களை நகரத்து வைத்தியசாலைக்கு மாற்றுவதே பொருத்தம் என்று யோகராணி எழுதினார். அட்டவணைகள் நான் கொடுத்தவை. மேலிடத்தில் பாராட்டினார்கள். விடுதி பூட்டப்பட்டது.

மறு வருடம் யோகராணி அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, உறவினர் வீட்டுக்குப் போனார். தண்ணீர்க் குழாயடியில் புஷ்பம் என்ற பெண்ணுடன் பேச்சு வந்திருக்கிறது. புஷ்பத்துக்கு நகரத்துக்குப் போகும் வழியில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் பிரசவமாகி, பிள்ளை தங்கவில்லை. "இங்க மிட்வைஃப் மிஸ் மாறிப் போனாங்க, வேற ஆள் வரல. அதான் யாரும் போகல. யாரும் வரலன்னு மூடிட்டாங்க," என்றாராம் புஷ்பம்.

திங்கட்கிழமை காலை நான் வருமுன்பே யோகராணி பதிவேட்டு அறையில் இருந்தார். மருத்துவமாது இல்லாத மாதங்களும் பிரசவங்கள் குறைந்த மாதங்களும் ஒன்றுதான். தாய்மார் வராமல் விட்டது தேவை இல்லாததால் அல்ல. வந்தால் பார்க்க ஆள் இல்லை. மருத்துவமாது பதவி வெற்றிடமாக இருந்த விபரம் வேறொரு கோப்பில் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"புஷ்பத்துக்கிட்ட சொல்லிட்டேன் சேர்," என்றார். "அந்த அறிக்கைய எழுதினது நான்தான்னு."

"என்ன சொன்னவா?"

"ஒண்ணும் திட்டல. ரொம்ப நேரம் என்னயே பாத்துட்டு, 'நீங்க நம்ம புள்ளதானே'ன்னு கேட்டாங்க." எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு திருத்திய அறிக்கையை எழுதத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே, 'முந்திய முடிவு தவறு, தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தார். நான் பயந்துவிட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்லையே. ஏன் வீணா நீங்களாப் போய் மாட்டுப்படுறீங்கள்?"

"கேக்க வேண்டியவங்களுக்கு அப்படி ஒரு அறிக்கை இருக்கிறதே தெரியாது சேர்."

அட்டவணைகள் என்னுடையவை என்பதால் என் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அந்த நேரம்தான் என் யாழ்ப்பாண இடமாற்றம் முடிவாகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசிப்பதாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்க்காமல், முடியாது என்றேன்.

"பரவால்லைங்க சேர். உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்க," என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவர் சனி, ஞாயிறுகளில் தனியாகத் தோட்டம் தோட்டமாக நடந்தார். ஒவ்வொரு லயத்திலிருந்தும் வாகனம் வரும் இடத்துக்கு ஒரு நிறைமாதக்காரி நடந்துவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தாமே நடந்து குறித்தார். அந்தக் கணக்குகளை என் அட்டவணைகளுக்குப் பதிலாக வைத்து, தம் கையெழுத்தோடு மட்டும் அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பினார். அலுவலகத்தில் அவரோடு சாப்பிட உட்காருவதைப் பலர் தவிர்த்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். பதவி உயர்வு அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. அவரை ஹட்டனில் ஒரு சிறிய கிளைக்கு மாற்றினார்கள்.

மாதத்தில் ஒரு தடவையாவது எனக்குத் தொலைபேசி எடுப்பார். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. "இன்னைக்கு வீட்டுல என்னங்க சேர் சமையல்?" என்பார். சொன்னால், யார் யார் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் எங்கே என்று கேட்பார். அவர் பக்கத்தில் வேறு எந்தச் சத்தமும் இருக்காது. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. என்றாலும், வேலை இருக்கிறது என்று எத்தனையோ முறை சீக்கிரம் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் மட்டும் செய்தியோடு எடுத்தார். "சேர், அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில திரும்பக் கட்டில் போட்டுட்டாங்க. மிட்வைஃபும் வந்துட்டாங்க."

"போய்ப் பாத்தனீங்களா?"

"போனேன். ஒரு புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. உள்ள போகல. வெளியில நின்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

திறப்பு விழாவுக்கு அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நான் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையமும் சாரதியும் வந்திருந்தார்கள். பெட்டி தூக்குமுன் தோட்டத் தலைவர் என்னருகில் வந்தார். "ரெண்டு வார்த்தை பேசணும் சேர். மிஸ் என்ன வேலை பாத்தாங்கன்னு எங்களுக்குச் சரியாத் தெரியாது. நீங்களே சொல்லிடுங்க."

நான் எழுந்து நின்று சொன்னேன். விடுதி ஏன் மூடப்பட்டது, யார் எழுதியது, அது பிழை என்று தெரிந்ததும் அவர் என்ன செய்தார், எத்தனை மலை தனியாக ஏறி இறங்கினார் என்று சொன்னேன். ஒரு கையெழுத்துக் கேட்டு வந்தபோது நான் மறுத்ததையும் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம்பெண், "அந்த ஆஸ்பத்திரியா? இவன் அங்கதான் பொறந்தான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. பிறகு அவர் முன்னால் வந்து, பெட்டிக்குள் இருந்த முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தார்.

மயானம் தேயிலைக்கு நடுவே மேட்டில் இருக்கிறது. மண் போட்டு முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சிலரும், மழைக்கு ஒதுங்கச் சிலருமாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தம்பி மட்டும் சற்றுத் தள்ளிக் குடையோடு எனக்காக நின்றார்.

யோகராணி, நீங்கள் இத்தனை மலையும் நடந்தபோது நான் ஒரு நாளும் கூட வரவில்லை. இந்த ஒரு மேடு மட்டும்தான் உங்களோடு ஏறினேன். போய் வாருங்கள்.